காஜா தொழுதுட்டு வர்ற வரைக்கும்

யோசிச்சு வைங்க மதினி, தொழுதுட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டு காஜா கையக் கழுவிக்கிட்டுக் கெளம்பிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம், அவனையும் சொல்லிக் குத்தமில்ல. ஆனா என்னத்த யோசிக்க? ஒரு பழைய வண்டி, அதுல கரண்டு ஏறல, சரி பண்ணவா வேண்டாமா, அம்புட்டுதான கேட்டான். இதுக்குப் போயி எதுக்கு இப்பிடித் தடுமாறுறேன்? அவன் மெக்கானிக் கடை முன்னால தகரத்துக்குக் கீழ ஒரு பெஞ்சு, பெஞ்சுல நான், எதுக்க எங்க வண்டி. சைடு மூடியக் கழட்டிக் கீழ வச்சுட்டுப் போயிருக்கான். உள்ள இருக்க ஒயரெல்லாம் வெளிய தெரியுது, ஆஸ்பத்திரில துணி வெலகிக் கெடக்குற ஆளப் பாக்குற மாதிரி இருக்கு, முந்தானைய எடுத்துப் போத்தி விடலாமான்னு தோணுது. கிறுக்குதான் எனக்கு. காஜா சொன்னத மறுபடி ஒருக்கா மனசுக்குள்ள ஓட்டிப் பாக்குறேன். எஞ்சின் ஓடுறதுக்கு ஒரு காயில், பேட்டரிக்குக் கரண்டு ஏத்துறதுக்கு இன்னொரு காயில், இந்த ரெண்டாவது கருகிப் போச்சு மதினி, அதான் கிக்கர ஒதச்சா வண்டி ஸ்டார்ட் ஆகுது, பேட்டரில ஓடுற ஹாரன் அடிக்கல. தெனமும் காலைல ஸ்டார்ட் பண்ணி வைக்கிறோமே காஜா, பேட்டரி எறங்கிரக் கூடாதுன்னுதானன்னு கேட்டேன். சிரிச்சான். ஏத்துறதுக்கு காயில் இருந்தாத்தான மதினி ஏறும், தெனம் லைட்டப் போட்டு இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் நீங்களே தீத்துட்டீங்க, மொதல்ல லைட்டு மங்கியிருக்கும், அப்புறம் சுத்தமா நின்னிருக்கும், நீங்க பாக்கலையா? காயிலும் பேட்டரியும் புதுசுதான் போடணும், வண்டி பெறுற பெறுமானத்துக்கு அது தேவையான்னு நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இம்புட்டுதான் சொன்னான். நீங்க பாக்கலையான்னு கேட்டானே, அந்த எடத்துலதான் எனக்கு எல்லாம் நின்னு போச்சு.

லைட்டு மங்கியிருக்கும்னு அவன் சொன்ன உடனே எனக்குள்ள பொங்குச்சே ஒரு சந்தோசம், அதச் சொல்ல வார்த்தை இல்ல. அடி ஆத்தா இருக்கங்குடித் தாயே, அப்ப மங்குனது வண்டிதானா, எங்க வீட்டுக்காரவுக கண்ணு இல்லையா! இந்த ஒரு மாசமா இவுக இன்னைக்கு மங்கலா இருக்கு பாக்கியம், இன்னைக்கு இன்னும் கொஞ்சம் மங்கல் பாக்கியம்னு சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு ராத்திரியும் தூங்காமக் கெடந்தேனே, அது அம்புட்டும் இந்தக் கருகிப் போன காயில் பண்ணுன வேலையா? நாசமாப் போற காயிலே, நீ நல்லாயிருன்னு அதுக்கு மாலை போடலாம் போல இருந்துச்சு. காஜா கையப் புடிச்சு, ஒடனே பண்ணு தம்பி, இப்பவே பண்ணுன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். தொறந்த வாயி அப்பிடியே நின்னுச்சு. ஏன் நின்னுச்சு? அந்த நேரத்துல எனக்கே தெரியல. காலுக்கடியில என்னமோ நெருடுன மாதிரி இருந்துச்சு. அவன் பாங்கு சொல்லிட்டாங்க மதினின்னு கெளம்பிட்டான், நான் இந்தா உக்காந்துருக்கேன். சுத்திச் சுத்தி அந்த நெருடுன எடத்துக்கே வர்றேன், குனிஞ்சு என்னன்னு பாக்க மட்டும் தைரியம் இல்ல.

கடைக்குக் கடை அப்பளம் போடுற லைன்ல இவுகள மாதிரி ஓட்டுன ஆளு கெடையாதுன்னு விருதுநகர் கடைத்தெருவுல இன்னைக்கும் சொல்லுவாக. பின்னால ரெண்டு பக்கமும் அப்பள மூட்டை, கொஞ்சம் பலமா பள்ளத்துல விட்டா எல்லாம் நொறுங்கிப் போகும், இவுக லைன்ல ஒரு அப்பளம் ஒடையாதாம். ரோட்டுல எந்த எடத்துல எந்தப் பள்ளம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாக. அப்பேர்ப்பட்ட ஆளு ஒரு நா, ரோட்டோட ஓரம் காணாமப் போயிருச்சு பாக்கியம்னு சொல்லிக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டு வந்தாக. மதுரைல பெரிய கண்ணாஸ்பத்திரில காமிச்சோம். கண்ணுக்குள்ள பிரசராம், ஓரத்துலருந்து தின்னுக்கிட்டே நடுவுக்கு வருமாம், வலிக்கவே வலிக்காதாம், பாதிப் பேரு கடைசிலதான் வருவாகளாம். நரம்பு பட்டுப் போச்சு, போனது திரும்பாதும்மா, இருக்குற வெளிச்சத்தக் காப்பாத்திக்கிடுவோம், வெளிச்சம் தெரியுற வரைக்கும் சொட்டு மருந்த விடாதீங்கன்னாரு டாக்டரு. நல்ல மனுசன், கையப் புடிச்சுத்தான் சொன்னாரு. வீட்டுல வெளிச்சம் தெரியுதான்னு அடிக்கடி பாத்துக்கங்கன்னு சொல்லிவிட்டாரு. நான் செல்போன் லைட்ட அடிச்சு, தெரியுதான்னு கேட்டேன். இவுக சிரிச்சாக. இந்த மின்மினிப் பூச்சியெல்லாம் எனக்கு ஒரு லைட்டா, என் வண்டி லைட்டப் போடு, அது தெரியலன்னாத்தான் எனக்குக் கண்ணு போச்சுன்னு அர்த்தம்னாக. அன்னைக்கு ஆரம்பிச்சது. காலைல காப்பி குடிச்சதும் வீட்டுப் பக்கச் சந்துல வண்டிக்கு முன்னால ஸ்டூலப் போட்டு இவுக உக்காருவாக, நான் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுக் கிக்கர ஒதப்பேன். மொதல்ல எல்லாம் கெண்டைக்கால்ல திருப்பி அடிக்கும், இவுக, ஏ மெதுவா, அது கழுதை இல்ல, வண்டின்னு கேலி பண்ணுவாக. பழகிருச்சு. வண்டி உறுமுனதும் லைட்டுச் சுவிச்சத் தட்டுவேன். தெரியுதான்னு கேப்பேன். தெரியுது பாக்கியம்பாக. வட்டமா தெரியுதும்பாக, வெள்ளையா தெரியுதும்பாக, மழைக்குள்ள லாரி வர்ற மாதிரி தெரியுதும்பாக. அப்புறம் எந்திரிச்சு, தோள்ல கெடக்குற துண்ட எடுத்து லைட்டுக் கண்ணாடியத் தொடச்சு விடுவாக. தொடச்ச கை அங்கயே கொஞ்ச நேரம் நிக்கும். வண்டி மேல அம்புட்டு ஆசைன்னு நான் நெனச்சுக்குவேன். அப்புறம் நான் சொட்டு மருந்து விடுவேன், இட்லிக்கு அடுப்பப் பத்த வைப்பேன், அந்த நாளு நல்ல நாளா ஆகிப்போகும்.

நீங்க பாக்கலையான்னு கேட்டானே. எப்பிடிப் பாப்பேன்? சுவிச்சத் தட்டும்போது நான் கண்ண மூடிக்கிருவேன்! யாருகிட்டயும் இதச் சொன்னதில்ல, சொன்னா சிரிப்பாக. சுவிச்சத் தட்டுற விரல எடுக்காம, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, இருக்கங்குடி ஆத்தா, தெரியுதுன்னு சொல்ல வையி, உனக்கு வெள்ளில கண்மலர் வாங்கிச் சாத்துறேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், இவுக தெரியுதுன்னு வாயத் தொறக்குற வரைக்கும் தொறக்க மாட்டேன். தொறந்தா இவுக மொகந்தான் தெரியும், நான் நிக்குறது வண்டிக்குப் பக்கத்துல, லைட்டு இருக்குறது முன்னால, அதுவும் விடிஞ்ச பெறகு சந்துல வெயிலு வந்துரும். தெரியுதுன்னதும் சுவிச்ச அணைச்சுருவேன். இம்புட்டு நாள்ல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நான் அந்த லைட்டப் பாத்ததில்ல. கண்ணு தெரியாத மனுசன் கண்ணத் தொறந்துக்கிட்டு உக்காந்துருக்க, கண்ணு தெரியுற நான் மூடிக்கிட்டு நின்னுருக்கேன். எவளாச்சும் பண்ணுவாளா இந்தக் கூத்த? சரி, பண்ணிட்டேன். ஆனா பாக்கியம், இப்ப நெருடுதே, அது இது இல்ல. இத விட்டுத் தள்ளு. லைட்டு மங்கியிருக்கும், அப்புறம் நின்னிருக்கும். அப்புறம் நின்னிருக்கும்னு சொன்னான். எப்ப நின்னுச்சு? நேத்துக் காலைல கூட இவுக, ஒரு மஞ்சப் பொட்டு மாதிரி தெரியுது பாக்கியம், அம்புட்டுதான்னாக. நேத்து லைட்டு நின்னிருந்தா, அந்த மஞ்சப் பொட்டு எங்கருந்து வந்துச்சு?

மாவு மில்லு ஆளு ஒருத்தரு சைக்கிள மெதுவாக்கி, என்னக்கா, அண்ணாச்சி எப்பிடி இருக்காகன்னு கேட்டாரு. வெளிச்சம் தெரியுதுங்கன்னு சொல்லிட்டேன். எப்பவும் சொல்லுற பதிலு, நாக்குல தயாரா இருக்கும், யாரு கேட்டாலும் அதான். அது போதும்க்கா, ஆத்தா பாத்துக்கிருவான்னு சொல்லிட்டுப் போறாரு. வெளிச்சம் தெரியுதுன்னு நான் யாரு யாருக்கெல்லாம் சொல்லிருக்கேன்! திருப்பூர்ல இருக்க மகளுக்கு, கொழாயடில, கோயில்ல, தீபாவளி அன்னைக்குத் தெருவுக்கே சொன்னேனே. அய்யோ, தீபாவளி. அன்னைக்குக் காலைல எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு, புது வேட்டியக் கட்டிக்கிட்டு வந்து உக்காந்தாக. நான் லைட்டப் போட்டேன். ஏ பாக்கியம், இன்னைக்கு என்ன இம்புட்டு வெளிச்சமா இருக்கு, பட்டப்பகல் மாதிரி இருக்கு, பாயாசம் வைடீன்னாக. வாடி போடின்னு என்னைக்கும் சொல்லாத மனுசன், அன்னைக்கு டீன்னாக. நான் அழுதுட்டேன், சேமியாவ வறுக்கும்போது கூட அழுதுக்கிட்டேதான் வறுத்தேன். ஒரு அண்டா வச்சுத் தெருவுக்கே குடுத்தேன். அன்னைக்குக் கண்டிப்பா லைட்டு எரிஞ்சிருக்கும். அதுக்கப்புறந்தான் மங்கல் ஆரம்பிச்சுச்சு. பாத்தியா, கணக்கு சரியா வருது, வண்டி மங்க மங்க இவுகளுக்கும் மங்கலா தெரிஞ்சிருக்கு, நேத்துக் கொஞ்சூண்டு எரிஞ்சிருக்கும், கொஞ்சூண்டு தெரிஞ்சிருக்கு. சரியாத்தான இருக்கு? பெறகு எதுக்கு எனக்கு இந்தப் பயம்? எந்திரிச்சுப் போயி வண்டிக்கிட்ட நிக்குறேன். சாவி அதுலயே இருக்கு. சுவிச்சத் தட்டிப் பாத்தா என்ன? பகல்ல தெரியாதோ? கையி போகுது, போன கை திரும்பி வருது. நம்ம கையே நம்ம கண்ணக் குத்தும்னு இன்னைக்குத்தான் தெரியுது.

சரி பண்ணா என்ன ஆகும், அத மட்டும் யோசி பாக்கியம். சரி பண்ணா லைட்டு பளிச்சுன்னு எரியும். நாளைக்குக் காலைல இவுக உக்காருவாக, நான் கண்ணத் தொறந்துக்கிட்டுத் தட்டணும், இனிமே மூட முடியாது, மூடுனா நான் மனுசி இல்ல. பளிச்சுன்னு அடிக்கிற லைட்டுல இவுக மொகம் முழுசும் வெள்ளையா தெரியும், கண்ணுக்குள்ள வரைக்கும் தெரியும், அப்ப நான் தெரியுதான்னு கேக்கணும். அப்ப இவுக இல்ல பாக்கியம்னு சொல்லிட்டா? வண்டி மேல பழியப் போட முடியாது. சொட்டு மருந்து எதுக்கு, காலைல எந்திரிக்குறது எதுக்கு? வேண்டாம். சரி பண்ணாமலே விட்டுரலாம். வண்டி பழசு, காயில் கெடைக்கலயாம், லைட்டு மங்கிப் போச்சாம், உங்க கண்ணு இல்ல, வண்டிதான்னு சொல்லிரலாம். அத வச்சு ஒரு வருசம் ஓட்டலாம், பத்து வருசம் கூட ஓட்டலாம். இவுகளும் நம்புவாக, நானும் நம்புவேன். அப்ப சரி பண்ண வேண்டாம், வேண்டாம் காஜான்னு சொல்லிருவோம். சொல்லிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயி சந்துல நிறுத்துவேன், நாளைக்குக் காலைல இவுக ஸ்டூலத் தேடிக் கையத் தடவிக்கிட்டு வருவாக. அப்ப? எரியாத லைட்டுக்கு முன்னால உக்கார வச்சு, தெரியுதான்னு கேப்பேனா? அது எம்புட்டுப் பெரிய பாவம்! இவுக மஞ்சப் பொட்டு தெரியுதும்பாக. எனக்குத் தெரியும் அங்க ஒண்ணும் இல்லன்னு. இவுகளுக்கும்... இல்ல, இல்ல, இவுகளுக்குத் தெரியாது. பாரு, திரும்ப அந்த எடத்துக்கே வந்து நிக்குறேன்.

இன்னொண்ணும் இடிக்குது. வண்டி ஓட்டுறத விட்டதுலருந்து இவுக ஹாரனப் பத்திப் பேசுனதே இல்ல. லைட்டு, லைட்டு, லைட்டுதான். நேத்துக் கண்ணாடியத் தொடச்சு முடிச்சதும் திடீர்னு, ஹாரன அடி பாப்போம் பாக்கியம்னாக. அமுக்குனேன், மூச்சே இல்ல. நல்லா அமுக்குனாக்கூட இல்ல. இவுக கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தாக, பாத்துக்கிட்டுன்னா, மொகத்த வச்சுக்கிட்டு. அப்புறம், நாளைக்குக் காஜாகிட்டக் கொண்டு போ, நீயே கொண்டு போ, யாருகிட்டயும் குடுத்து விடாத, என்ன ஏதுன்னு நின்னு கேட்டுட்டு வான்னாக. நான் என்னத்தக் கண்டேன் வண்டியப் பத்தி, எதுக்கு என்னப் போகச் சொல்லுறாகன்னு நெனச்சேன். நெனச்சு அதோட விட்டுட்டேன்.

காஜா தொப்பியக் கழட்டிப் பைல வச்சுக்கிட்டே வந்துட்டான். என்ன மதினி முடிவுன்னு கேக்கல, நேரா வண்டிக்கிட்டக் குத்தவச்சுப் பேட்டரிய வெளிய இழுத்தான். பாத்தீங்களா, முனை ரெண்டும் எப்பிடிப் பூத்துப் போயி வெள்ளையா கெடக்குன்னு காமிச்சான். இது இப்பச் செத்தது இல்ல மதினி. தீபாவளிக்கெல்லாம் ரொம்ப முன்னாலயே போயிருக்கும். நல்லாத் தெரியுமா காஜான்னு கேட்டேன். எத்தன பேட்டரி பாத்துருக்கேன் மதினி, இதுல ஒரு குண்டூசி லைட்டு கூட எரிஞ்சிருக்காதுன்னான். நான் பெஞ்சுல உக்காந்துட்டேன். காஜா என்னமோ கேக்குறான், தண்ணி வேணுமாங்கிறான் போல. எனக்கு அந்தப் பாயாசந்தான் நெனப்புக்கு வருது. இந்த மனுசன் ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சாக. நல்லா வந்துருக்கு பாக்கியம்னாக.

மடில போன் அடிக்குது. இவுகதான். ஒண்ணாம் நம்பர அமுக்கிப் புடிச்சா எனக்கு வர்ற மாதிரி மக வச்சுக் குடுத்துருக்கா.

"பாக்கியம்."

"சொல்லுங்க."

"காஜா பாத்தானா?"

"பாத்தான்."

"சொல்லிட்டானா?"

என்ன சொன்னான்னு கேக்கல. சொல்லிட்டானான்னு கேக்காக. முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன், ஆனாலும் அந்தப் பக்கம் கேட்டுருக்கும், இப்பல்லாம் இவுகளுக்குக் காதுதான எல்லாம்.

"அழாத. கண்ணாடி சூடாகி ரொம்ப நாளாச்சு பாக்கியம். தொடைக்கும்போது சில்லுன்னு இருக்கும். லைட்டு எரியலன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"கண்ணாடி சூடா இருந்தப்ப? அப்பவாச்சும் தெரிஞ்சுச்சா?"

"சூடு தெரிஞ்சுச்சு" ன்னாக.

"அப்ப தீபாவளி அன்னைக்கு எதுக்குங்க அப்பிடிச் சொன்னீக?"

"நல்ல நாளும் அதுவுமா என்னத்தச் சொல்லச் சொல்ற? நீ பாலு வாங்கி வச்சுட்டு வந்து நின்ன. அப்புறம் ஒரேயடியா சொன்னா தாங்க மாட்டன்னு கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக்கிட்டு வந்தேன். கடைசி வார்த்தைக்கு வாயி வரல. அதான் ஹாரன அடிக்கச் சொன்னேன்."

அம்புட்டு வருசம் ஒரு அப்பளம் ஒடையாமக் கொண்டு போன மனுசன். என்னையும் அப்பிடித்தான் கொண்டு வந்துருக்காக, பள்ளம் பாத்து, மெதுவா. பாவி மனுசா, நீ இருட்டுல உக்காந்துக்கிட்டு எனக்கு வெளிச்சம் சொல்லிருக்கியேன்னு கத்தணும் போல இருந்துச்சு. நடுத்தெருவுல காஜாவுக்கு முன்னால எப்பிடிக் கத்துறது. மூக்கச் சிந்திக்கிட்டு, வண்டிய என்ன பண்ணன்னு கேட்டேன். போனுக்குள்ள எங்க வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஓடுறது கேட்டுச்சு.

"சரி பண்ணச் சொல்லு. நல்ல காயிலா போடச் சொல்லு. லைட்டு இல்லாத வண்டிய யாருக்கும் குடுக்கக் கூடாது பாக்கியம்."

குடுக்கக் கூடாதுன்னாக. குடுக்குறதப் பத்தி இந்த வீட்டுல யாரும் இதுவரைக்கும் பேசுனதில்ல.

"சரிங்க" ன்னேன்.

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"நானும் சாப்பிடல. வெயில்ல நிக்காம வா."

போன மடியில சொருகிட்டு, பண்ணு காஜா, நல்ல காயிலா போடுன்னு சொன்னேன். அவன் சரி மதினின்னுட்டு ஸ்பேனர எடுத்தான். எந்திரிச்சு வண்டிக்கு முன்னால வந்து நின்னேன். இம்புட்டு நாள்ல நான் அந்தப் பக்கம் வந்து நின்னதே இல்ல. லைட்டுல அப்பிடி ஒரு தூசி. முந்தானைய எடுத்து இவுக தொடைக்குற மாதிரியே வட்டமா தொடச்சேன். உச்சி தாண்டித் தகரத்துக்கு அடியில வெயிலு எறங்கி வந்துருந்துச்சு. கண்ணாடி சூடா இருந்துச்சு.